நேற்று வாங்கியவருக்கு என்ன பதில்? கேம் கன்சோல் கம்பெனிகளுக்குச் சேலத்திலிருந்து ஒரு திறந்த மடல்

கேம் கன்சோல், அதாவது டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டி, விற்கும் கம்பெனிகளில் விலை போடும் மேசையில் உட்கார்ந்திருக்கும் ஐயா, அம்மா அனைவருக்கும்,

வணக்கம்.

சேலம் நாலு ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். முன்பக்கம் புதுக் கன்சோல், பழைய கன்சோல், கன்ட்ரோலர் ரிப்பேர். திரைக்குப் பின்னால் மூன்று டிவி. பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் வந்து மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து ஆடிவிட்டுப் போவார்கள். இருபது வருடமாக இதுதான் பிழைப்பு. நீங்கள் ஒருவருக்கொருவர் சண்டை போட்டாலும் சரி, சண்டையை நிறுத்தினாலும் சரி, என் கல்லாவில் அது தெரிந்துவிடும்.

முதலில் ஒரு ஆளைப் பற்றிச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதம். குகை வண்டி வேடிக்கைக்கு இன்னும் நாலைந்து நாள் இருக்கும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், பத்தாவதில் நல்ல மார்க் எடுத்த மகனைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். கொலுசுக்குப் பளபளப்பு ஏற்றுகிற கை. நகக்கண்ணில் அந்தக் கறுப்பு எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. நகைக்கடையில் கொடுக்கும் ரோஸ் கலர் பர்ஸிலிருந்து நோட்டுக் கட்டை எடுத்தார். ஐந்நூறு கொஞ்சம், நூறுதான் அதிகம். எச்சில் தொட்டு இரண்டு தடவை எண்ணினார். பையன் அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அதன் பக்கவாட்டில் அச்சடித்திருந்ததை எல்லாம் ஒன்று விடாமல் படித்துக்கொண்டிருந்தான்.

“இதுக்கு மேல விலை இறங்காதுங்களா தம்பி?”

“இது கம்பெனி விலைங்கண்ணா. ஊருக்கெல்லாம் இதேதான்” என்றேன். பொய் இல்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள் காலையில் கம்பெனி ஐயாயிரம் ரூபாய் குறைத்துவிட்டது.

அன்று சாயந்திரமே அவர் வந்தார். மகனுடைய போனில் விளம்பரத்தைத் திறந்து என் கண்ணாடி மேசைமேல் வைத்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். “உங்களுக்கு முன்னாடியே தெரியுங்களா தம்பி?” என்று மட்டும் கேட்டார். தெரியாதுங்கண்ணா என்றேன். நம்பினாரோ இல்லையோ, இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். “வெள்ளிக்குக் காலையில ஒரு ரேட்டு, சாயந்திரம் ஒரு ரேட்டு. ஆனா முதலாளிக்கும் எனக்கும் ஒண்ணாத்தான் தெரியும்” என்றார். அப்புறம் கன்ட்ரோலருக்கு ஒரு ரப்பர் உறை எடுத்துக்கொண்டு போனார். உறைக்கு நான் காசு வாங்கவில்லை. ஐயாயிரத்துக்கு அது ஈடாகுமா?

என் கதையும் இருக்கிறது. அன்றைக்கு அதே மாடல் நாலு பீஸ் என் அலமாரியில் பழைய கொள்முதல் விலையில் நின்றது. ஒரு பீஸ் விற்றால் எனக்கு நிற்பது ஆயிரம், மிஞ்சினால் ஆயிரத்து ஐந்நூறு. புது எம்.ஆர்.பி. என் கொள்முதலுக்குக் கீழே போய்விட்டது. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போன் போட்டால் “கிரெடிட் நோட் வரும்ணா, கவலைப்படாதீங்க” என்றார்கள். விலை இறங்கின நஷ்டத்தைக் கணக்கில் ஈடுகட்டும் சீட்டு அது. ஏழு மாதம் கழித்து வந்தது, இரண்டு பீஸுக்கு மட்டும். மற்ற இரண்டும் பில் தேதி முப்பது நாள் தாண்டிவிட்டதாம். யார் எவர் என்று பெயர் எழுதப் போவதில்லை. இந்த மடல் ஒருத்தரைக் குறிவைத்து எழுதுவதல்ல.

இதையெல்லாம் படித்துவிட்டு, விலைக் குறைப்பே வேண்டாம் என்கிறான் என்று நினைத்துவிடாதீர்கள். நேர்மாறு. நீங்கள் விலையைக் குறைத்ததால்தான் நான் கடையே வைத்தேன்.

சோனியின் பிளேஸ்டேஷன் 2, சுருக்கமாக பி.எஸ். 2, அமெரிக்காவில் 2000ல் 299 டாலருக்கு வந்தது. 2002ல் 199, 2004ல் 149, 2009ல் 99. படிப்படியாக இறங்கி இறங்கித்தான் அந்தக் கறுப்புப் பெட்டி எங்கள் ஊர் மாதிரி இடங்களுக்கும் வந்து சேர்ந்தது. மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை ஒதுக்கினால் வாங்கிவிடலாம் என்கிற நிலைமை வந்தபோது, நான் செகண்ட் ஹேண்டில் இரண்டு எடுத்து கடையைத் திறந்தேன். காப்பி டிஸ்க்கும் ஓடுகிற மாதிரி திருட்டுத்தனமாகச் சிப் போட்ட பெட்டி. நானும் அப்போது யோக்கியன் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று இருபது ரூபாய் கொடுத்து ஆடின பையன்கள்தான் இன்று ஓசூரிலும் பெங்களூரிலும் சம்பளம் வாங்கி, பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது சீல் பிரிக்காத ஒரிஜினல் டிஸ்க் வாங்குகிறார்கள். அந்தக் கணக்கையும் நீங்கள் எங்காவது எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

பெட்டியை ஏன் குறைந்த விலைக்குக் கொடுக்கிறீர்கள் என்பது சேலத்துக்காரனுக்குப் புரியாத வித்தை இல்லை. கொலுசு வாங்கப் போனால் வெள்ளி அன்றைய ரேட்டுக்குத்தான். அதில் கடைக்காரருக்குப் பெரிதாக ஒன்றும் நிற்காது. செய்கூலி, சேதாரம் என்று போடுகிறார்களே, வியாபாரம் அங்கே இருக்கிறது. உங்கள் கணக்கும் அதே. பெட்டியை அசலுக்கோ, சில சமயம் அசலுக்குக் கீழேயோ கொடுத்துவிட்டு, அப்புறம் விற்கும் ஒவ்வொரு கேமிலும், ஒவ்வொரு கன்ட்ரோலரிலும், ஆன்லைனில் ஆடக் கட்டும் சந்தாவிலும் எடுக்கிறீர்கள். வேறொரு கம்பெனி எழுதிய கேம் விற்றாலும் உங்களுக்குப் பங்கு உண்டு. அதனால் பெட்டி எத்தனை வீட்டுக்குள் நுழைகிறது என்பதுதான் பேச்சு. வீடு கூடினால் கேம் எழுதுகிறவர்கள் அந்தப் பெட்டிக்கு எழுதுவார்கள். கேம் கூடினால் இன்னும் நாலு வீடு. எதிராளியைவிட நூறு டாலர் கம்மி என்று அறிவிப்பது இதற்காகத்தான்.

அந்த நூறு டாலர் என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு 1995 மே மாதத்தை விடச் சாட்சி வேண்டாம். லாஸ் ஏஞ்சல்ஸில் ஈ3 என்கிற கேம் கண்காட்சி, அதுதான் முதல் தடவை. சேகா கம்பெனி தன் சாட்டர்ன் பெட்டி 399 டாலர் என்றும், இப்போதே கடைகளில் கிடைக்கும் என்றும் ஒரே போடாகப் போட்டது. அப்புறம் சோனியின் முறை. அதன் அமெரிக்க கேம் பிரிவின் தலைவர் ஸ்டீவ் ரேஸ் மேடை ஏறினார். “299” என்றார். இறங்கிப் போய்விட்டார். அவ்வளவுதான் பேச்சு. பிளேஸ்டேஷன் அமெரிக்கக் கடைக்கு வர இன்னும் நாலு மாதம் இருந்தது. ஆனாலும் அன்றைக்கே பாதி ஆட்டம் முடிந்துவிட்டது.

சேகா சும்மா இருக்கவில்லை. அந்த வருடமே 299க்கு இறங்கியது. அடுத்த மே மாதம் பிளேஸ்டேஷன் 199 ஆனதும் சாட்டர்னும் 199. வெளியிலிருந்து பார்த்தால் சமமான சண்டை. ஆனால் நான் ரிப்பேர்காரன், மூடியைத் திறந்து பார்த்துத்தான் பேசுவேன். ஒரே ஒரு சாட்டர்ன்தான் இதுவரை என் கைக்கு வந்திருக்கிறது. ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் வீட்டைக் காலி செய்தார்கள், அட்டாலியில் கிடக்கிறது வேண்டுமா என்று கேட்டார்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய் எடுத்துவந்தேன். மலை ஈரத்தில் லென்ஸ் மங்கிப்போயிருந்தது. திறந்து பார்த்தால் கண்ணைக் கட்டுகிறது. பிரதான பிராசஸரே ஹிட்டாச்சி சிப் இரண்டு. படம் காட்ட இரண்டு தனி. சத்தத்துக்கு வேறு. ஒரு கல்யாணத்துக்கு நாலு சமையல்காரர்களை வைத்த மாதிரி. பிளேஸ்டேஷன் அதோடு ஒப்பிட்டால் ஒரே அடுப்பில் சமைக்கிற வீடு. ஆக இரண்டு பேரும் 199 என்று சொன்னாலும், இறங்கிய ஒவ்வொரு டாலரும் சேகாவுக்குத்தான் அதிகம் வலித்திருக்கும். எதிராளியின் விலைக்கு நாமும் இறங்கிவிடலாம். இறங்கின இடத்தில் எத்தனை நாள் நிற்க முடியும் என்பதைப் பெட்டிக்குள் இருக்கும் சிப்புகள் தீர்மானிக்கின்றன.

சேகா அடுத்துக் கொண்டுவந்த ட்ரீம்காஸ்ட் பெட்டிக்கும் அதே கதி. 1999ல் 199 டாலர், 2000ல் 149, 2001ல் 99. 2001 ஜனவரியில் இனிச் செய்வதில்லை என்று அறிவித்துவிட்டு சேகா கன்சோல் தொழிலைவிட்டே போனது. நல்ல பெட்டி அது.

2002 மே மாதம் வேறு மாதிரி. சோனி பி.எஸ். 2வை 299லிருந்து 199 ஆக்கியது. மறுநாளே மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸையும் 199 ஆக்கியது. சில நாளில் நிண்டெண்டோ கேம்கியூபை 199லிருந்து 149 ஆக்கியது. 2003ல் கேம்கியூப் 99 வரைகூட இறங்கி, கொஞ்ச காலம் நன்றாக ஓடியது. கடைசியில் கணக்குப் பார்த்தால் பி.எஸ். 2 பதினாறு கோடி, எக்ஸ்பாக்ஸ் இரண்டரைக் கோடிக்குக் கொஞ்சம் கீழே, கேம்கியூப் இரண்டு கோடிச் சொச்சம். மூன்று பேரும் ஒன்றாகக் குனிந்தால் யார் உயரம் என்பது மாறுவதில்லை. வாங்குகிறவனுக்கு மட்டும் எட்டிவிடும். அதுதான் எங்களுக்கு வேண்டியது.

இப்போது நான் உங்களிடம் கேட்க வந்ததற்கு வருகிறேன். பட்டறை அண்ணனுக்கு நடந்தது புதிதில்லை. புதிதில்லாதது என்பதால்தான் கோபமே. ஏனென்றால் இதற்கு மருந்தும் உங்கள் துறையிலேயே ஏற்கெனவே இருக்கிறது.

2002 மார்ச் மாதம் எக்ஸ்பாக்ஸ் ஐரோப்பாவில் 479 யூரோவுக்கு வந்தது. சரியாகப் போகவில்லை. ஆறே வாரத்தில் 299 என்று இறக்கினார்கள். 180 யூரோ வித்தியாசம்! முதல் வாரத்தில் வரிசையில் நின்று வாங்கியவர்கள் சும்மா விடுவார்களா? மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது தெரியுமா? பழைய விலைக்கு வாங்கியவர்களுக்கு இரண்டு கேமும் ஒரு கன்ட்ரோலரும் இலவசமாகக் கொடுத்தது. பணம் திரும்பி வரவில்லைதான். ஆனால் “நீ ஏமாளி இல்லை” என்று சொன்ன மாதிரி ஆயிற்று.

அதைவிட நன்றாகச் செய்தது நிண்டெண்டோ. 2011 தொடக்கத்தில் கையில் வைத்து ஆடும் அவர்களுடைய 3டிஎஸ் ஜப்பானில் 25,000 யென், அமெரிக்காவில் 249 டாலர். விற்பனை படுத்துவிட்டது. ஆகஸ்டிலேயே 15,000 யென், 169 டாலர் என்று வெட்டினார்கள். தலைவர் சடோரு இவாட்டா தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். முதலில் வாங்கியவர்களுக்கு இருபது பழைய கேம் இலவசம். அதற்கு அவர்கள் பில்லைத் தேடவேண்டியதில்லை, ஃபாரம் நிரப்பவேண்டியதில்லை. குறிப்பிட்ட தேதிக்குள் ஒரு தடவை மெஷினிலிருந்தே நிண்டெண்டோவின் ஆன்லைன் கடைக்குள் போயிருந்தால் போதும், கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த 3டிஎஸ் கடைசியில் ஏழரைக் கோடிக்கு மேல் விற்றது. விலைக் குறைப்பு மட்டுமா காரணம், அப்புறம் வந்த கேம்களும்தான். ஆனால் முதலில் வாங்கியவர்கள் கசந்துபோய் நாலு பேரிடம் திட்டிக்கொண்டிருக்காமல் கூடவே இருந்தார்களே, அதுவும் ஒரு காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன். எங்கள் தொழிலில் புதுப் பெட்டியை விற்றுக்கொடுப்பது விளம்பரம் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன்.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று தெரியும். “முன்னாடியே அறிவித்தால் அதுவரைக்கும் ஒருத்தனும் வாங்க மாட்டான், எதிராளியும் உஷாராகிவிடுவான்.” நியாயம்தான். கடைக்காரன் எனக்கே அது தெரியும். ஆடித் தள்ளுபடி வருகிறது என்றால் ஆனி மாதம் சின்னக்கடை வீதி ஜவுளிக்கடையில் ஈ ஓட்டுவார்கள். அதனால் முன்னாடி சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. பின்னாடி திரும்பிப் பாருங்கள் என்கிறேன். விலையைக் குறைத்த அன்றைக்கு, அதற்கு முந்தைய முப்பது நாளில் வாங்கியவருக்கு வித்தியாசத்தைக் கொடுங்கள். காசாக வேண்டாம், உங்கள் ஆன்லைன் கடை வாலட்டில் போடுங்கள், எப்படியும் அந்தப் பணம் உங்களிடமே திரும்பி வரும். யார் எப்போது வாங்கினார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று மட்டும் கேட்காதீர்கள். இன்று எந்தப் பெட்டியையும் முதல் தடவை ஆன் செய்து நெட்டில் இணைத்ததும் கணக்குத் திறக்கச் சொல்கிறீர்கள். சீரியல் நம்பர், தேதி, நேரம் எல்லாம் உங்களிடம் இருக்கிறது. 2011ல் முடிந்தது இப்போது முடியாதா?

கடைக்காரன் பங்குக்கு ஒன்றே ஒன்று. விலை இறங்கும் தேதியில் அலமாரியில் இருக்கும் பீஸுக்கு கிரெடிட் நோட், அதே மாதத்தில். பில் எவ்வளவு பழையது என்று பார்க்காதீர்கள். பெட்டி விற்காமல் நின்றதே உங்கள் விலையால்தானே.

இவ்வளவு சொல்லிவிட்டு, இப்போது குறைப்பு எங்கே இருக்கிறது, ஏறிக்கொண்டுதானே போகிறது என்று நீங்களே சிரிப்பீர்கள். தெரியும். பி.எஸ். 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்தது. 2022 நவம்பரில் 54,990 ஆனது. அமெரிக்காவில் 499 டாலருக்கு வந்தது 2025 ஆகஸ்டில் 549. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸும் அங்கே 499க்குத்தான் வந்தது, 2025ல் மட்டும் இரண்டு தடவை ஏறி 649 ஆயிற்று. பி.எஸ். 2 வந்து நாலு வருடத்தில் பாதி விலை. இது ஐந்து வருடம் ஆகியும் வந்த விலையைத் தாண்டி நிற்கிறது. செகண்ட் ஹேண்ட் விற்க வருகிறவர்கள் இப்போது வாங்கின விலையையே கேட்கிறார்கள். இருபது வருடத்தில் இந்தக் கூத்தை நான் பார்த்ததில்லை.

சிப் விலை முன்பு போல வருடா வருடம் இறங்குவதில்லை, அமெரிக்காவில் இறக்குமதி வரி என்று காரணங்கள் உண்டு, ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் ஊரிலும் அந்த 54,990 ரூபாய்க்குள் 18 சதவீத ஜி.எஸ்.டி. மட்டும் சுமார் 8,390 ரூபாய். அதுவே 2018 வரைக்கும் 28 சதவீதமாக இருந்தது. ஆனால் என் கணிப்பு, பெரிய காரணம் வேறு. நீங்கள் பழையபடி சண்டை போடுவதில்லை. 2013ல் எக்ஸ்பாக்ஸ் ஒன் 499, பி.எஸ். 4 399 என்று வந்தபோது, மைக்ரோசாஃப்ட் ஒரு வருடத்துக்குள், பெட்டியோடு சேர்த்து விற்ற கேமராவைக் கழற்றிவிட்டு 399க்கு இறங்கிவந்தது. இன்று எக்ஸ்பாக்ஸின் சொந்த ஃபோர்ஸா ஹொரைசன் 5 கேம் 2025ல் பிளேஸ்டேஷனிலேயே வந்துவிட்டது. எதிராளியின் பெட்டியிலும் செய்கூலி கிடைக்கும் என்றால் நம் பெட்டி விலையைக் குறைக்க யாருக்கு அவசரம்? நாலு பழக்கடை இருக்கிற தெருவில் சேலம் குண்டு மாம்பழம் சாயந்திரம் ஆனால் தானாக இறங்கும். மூன்று கடை மூடிவிட்டால் அழுகினாலும் இறங்காது.

இந்த ஏற்றத்தால்தான் முப்பது நாள் பாதுகாப்பு இப்போது இன்னும் அவசரம். நிரந்தரக் குறைப்பு போய், தீபாவளிக்குப் பத்து நாள், கோடைக்கு இரண்டு வாரம் என்று சலுகை வந்து போகிறது. அந்தப் பத்து நாளுக்கு ஒரு வாரம் முன்பு வாங்கியவர் ஏமாளி, ஒரு வாரம் பின்னால் வந்தவரும் ஏமாளி. இரண்டு பேரும் வந்து நிற்பது என் கண்ணாடி மேசை முன்னால்.

பட்டறை அண்ணனின் அந்தப் பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். போன மாதம் கன்ட்ரோலர் ஸ்டிக் தானாக நகருகிறது என்று கொண்டுவந்தான். அதே பழைய ரப்பர் உறை, ஓரம் கிழிந்திருந்தது. புதுக் கன்சோல் வாங்கலாமா அண்ணா என்று கேட்டான். உங்க அப்பா என்ன சொல்கிறார் என்றேன். “கொஞ்ச நாள் பொறு, குறையும்ங்கறாரு” என்றான். நான் ஒன்றும் சொல்லாமல் ஸ்டிக்கை மாற்றிக்கொடுத்து அனுப்பினேன்.

அவன் அப்பா கன்சோல் வாங்கிய அன்றைய பில் நகல் என் டிராயரில் இருக்கிறது. தேதியும் சீரியல் நம்பரும் தெளிவாகத் தெரிகின்றன. கேட்டால் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
திரைக்குப் பின்னால் மூன்று டிவி வைத்திருக்கும் கடைக்காரன்,
நாலு ரோடு, சேலம்